லாயத்து வாசல் சேறு

பாண்டிய ராஜா குதிரை வாங்கி வரச் சொல்லிக் கொடுத்த பொன்னில் மாணிக்கவாசகர் கோயில் கட்டிவிட்டார் என்ற கதையை நாம் எல்லோரும் பிள்ளைப் பிராயத்திலேயே கேட்டிருக்கிறோம். திருவாதவூரில் பிறந்தவர், அரிமர்த்தன பாண்டியனிடம் மந்திரியாக இருந்தவர். கீழைக் கடற்கரையில் நல்ல குதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன என்று கேள்விப்பட்டு ராஜா கஜானாவைத் திறந்துவிட்டு அவரை அனுப்பினான். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் அவர் குருநாதரைக் கண்டார். குதிரையும் மறந்துபோயிற்று, ராஜாவும் மறந்துபோயிற்று. பணம் கோயிலாயிற்று. ராஜா கணக்குக் கேட்டபோது சிவபெருமான் காட்டு நரிகளையெல்லாம் குதிரைகளாக்கி, தாமே குதிரை வியாபாரியாக வேஷம் தரித்து ஓட்டி வந்து ஒப்படைத்தார். அன்று ராத்திரியே அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் கட்டியிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின.

அந்தத் திருப்பெருந்துறைதான் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். அறந்தாங்கியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். அங்கே போகிறவர்கள் கொடுங்கையைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். கல்லை மரச்சட்டம் மாதிரி இழைத்து வைத்திருக்கும் அழகு அப்படி. குதிரைச்சாமி சிற்பத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் ஓர் அசட்டு சந்தேகம் தலை தூக்கும். மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் உட்காராமல், ஒழுங்காகக் கப்பல் துறைக்குப் போய், நல்ல குதிரைகளாகப் பார்த்து வாங்கி, மதுரையில் கொண்டுபோய்க் கட்டியிருந்தால் அவை என்ன ஆகியிருக்கும்?

செத்துப்போயிருக்கும். புராணத்தில் லாயத்துக் குதிரைகளை நரிகள் கொன்றன. சரித்திரத்தில் நரிகளின் உதவி தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டுக்குக் குதிரை எப்போதும் வெளியூர் விருந்தாளிதான். கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். பிற்காலப் பாண்டியர் நாளில் இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போயிற்று. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் காயல் முதலிய துறைமுகங்களுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. 1290-களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, இங்கே ஆண்ட ஐந்து சகோதர ராஜாக்களும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வருஷாவருஷம் வாங்கினார்கள் என்று எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் நூறு மார்க் வெள்ளிக்கு மேல் பெறுமானமுள்ள பொன். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூறு கூட மிஞ்சாதாம். ஏறக்குறைய அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீகச் சரித்திரக்காரர் வஸ்ஸாபும் கணக்குச் சொல்கிறார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு. வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரைகள் இறங்கிய காலமும் இருந்தது என்கிறார்.

வெளிநாட்டார் எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதித்தான் எழுதுவார்கள். அந்தப் பத்தாயிரத்தில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் ஒரு பெரிய மயானம்தான்.

இவ்வளவும் ஏன் செத்தன? காரணத்தை அவர்களே சொல்லிவிட்டார்கள். சோற்றை வேக வைத்து, மாமிசத்தோடு கலந்து குதிரைக்குப் போட்டார்களாம். வறுத்த தானியத்தில் நெய்யை ஊற்றினார்களாம். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் இந்தக் கரைக்கு வந்துவிடாதபடி குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை நீண்ட நாள் உயிரோடிருந்தால் அடுத்த வருஷம் யார் வாங்குவது? இந்த வியாபாரத் தந்திரம் நமக்கு இன்றும் பழக்கமானதுதான். அதோடு வெயிலையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் சரித்திர ஆசிரியர்களும் தீனி, வைத்தியம், வெயில் என்ற மூன்றையும் வரிசையாக எழுதி அத்தியாயத்தை முடித்துவிடுவது வழக்கம்.

நாலாவது ஒன்று உண்டு என்பது என் கட்சி. அது தரை.

வஸ்ஸாப் சொல்லும் ஒரு சிறு விவரம் என்னை இந்த யோசனையில் இறக்கிவிட்டது. வந்து இறங்கிய குதிரைகளை லாயத்தில் முளையடித்து, கயிற்றால் கட்டி, கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் நிறுத்தி வைப்பார்களாம். அதற்கப்புறம் பழக்காமல் கொள்ளாமல் ஏறிப் பேய் மாதிரி ஓட்டுவார்களாம். கொஞ்ச நாளிலேயே காற்றாய்ப் பறந்த குதிரை மந்தமாகி, நடக்க மாட்டாமல் போய்விடுமாம்.

அந்த நாற்பது நாளைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்குப் பதினாறு கிலோவுக்குக் குறையாமல் லத்தி போடும். எட்டு லிட்டரை ஒட்டி மூத்திரம் பெய்யும். நாற்பது நாளில் லத்தி 640 கிலோ, மூத்திரம் 320 லிட்டர். லத்தியைக் குதிரைக்காரன் அள்ளிவிடுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். மூத்திரத்தை யார் அள்ளுவது? அது காலடி மண்ணுக்குள் போகிறது. முளையில் கட்டிய மிருகம் அதே ஓரடி இரண்டடி இடத்தில் கால் மாற்றி மாற்றி மிதிக்கிறது. 400 கிலோ உடம்பை, உள்ளங்கை அகலமுள்ள நாலு குளம்புகள் தாங்குகின்றன. மூன்றாம் வாரத்தில் அந்தத் தரை தரையாக இருக்காது.

குதிரையின் குளம்பைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும். நகம் மாதிரி கெட்டியான விளிம்பு சுற்றி ஓடும். நடுவில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு மெத்தைச் சதை இருக்கும். அந்த மெத்தைதான் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கிறது. அதன் இரண்டு பக்கத்துப் பள்ளங்களிலும் சகதியும் லத்தியும் அடைந்து, நாள் கணக்கில் ஈரம் காயாமல் இருந்தால், காற்றுப் புகாத அந்த இடத்தில் கிருமிகள் குடியேறும். மெத்தை அழுகும். கறுப்பாக ஊனீர் கசியும். நாற்றம் பத்தடி தூரத்துக்கு அடிக்கும். குளம்பு விளிம்பு ஊறி, மெழுகாகி, லாடத்தின் ஆணி பிடிக்காமல் போகும். கணைக்காலின் பின்பக்கத் தோல் வெடித்துப் புண்ணாகும். குதிரைக்குக் கால் போனால் அப்புறம் கொள்ளும் புல்லும் கொடுத்து என்ன பிரயோஜனம்? உயர்ந்த ஜாதி ஆணையும் பெண்ணையும் சேர்த்தாலும் இங்கே பிறக்கிற குட்டிக்குக் கால் கோணல்தான் என்று மார்க்கோ போலோ சொன்னதும் சேர்ந்து என் நினைவுக்கு வருகிறது. அவர் கண்ணுக்கும் காலில்தான் குறை பட்டிருக்கிறது.

மதுரை லாயத்தில் கட்டிய குதிரைகளெல்லாம் சேற்றினால்தான் செத்தன என்று நான் சாதிக்கவில்லை. நெய்ச் சோறு தின்ற குதிரை வயிறு வீங்கியே செத்திருக்கலாம். ஆனால் நாற்பது நாள் முளையும் கயிறும் என்று படித்த பிறகு, அந்தக் காலடித் தரையை மறந்துவிட்டு மேலே படிக்க ஒரு கதாசிரியனால் முடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சேற்றைப் பற்றி உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் தமிழனுக்குத் தெரியும். நம் விவசாயமே சேறு செய்கிற சாஸ்திரம்தான். வயலில் தண்ணீர் கட்டி, சேடை ஓட்டி, மாட்டைவிட்டு மிதித்து, தழையைப் போட்டு மறுபடி மிதித்து, மண்ணின் கட்டுக்கோப்பையெல்லாம் குலைத்துக் குழம்பாக்கி விடுகிறோம். எதற்காக? தண்ணீர் கீழே இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் சந்துகளை அடைத்துவிட்டால் நெல்லின் காலடியில் நீர் நிற்கும். இதைத்தான் ஆயிரம், இரண்டாயிரம் வருஷமாக நாம் பழகினோம். நம் மாடும் அதற்கேற்ற மாடு. மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. சேற்றில் வைக்கும்போது விரியும், எடுக்கும்போது ஒடுங்கும். சேறு அதை விட்டுவிடும். எருமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. சேற்றில் அது கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி பதிகிறது. எடுக்கும்போது சேறு உறிஞ்சிப் பிடிக்கிறது. வறண்ட புல்வெளியில் ஓடப் பிறந்த மிருகம் அது.

லாயத்து வாசலில் குதிரை செய்வதும் சேடை ஓட்டுகிற வேலைதான். மழை தண்ணீர் கட்டுகிறது; லத்தி தழையாகிறது; குளம்பு மிதிக்கிறது. கொஞ்ச நாளில் தன் வீட்டு வாசலில் குதிரை தானே ஒரு நெல் வயலைத் தயார் செய்துவிடுகிறது. அதில் நெல் நடலாம். குதிரை நிற்க முடியாது. வயலில் நாம் செய்வதை லாயத்தில் தலைகீழாகச் செய்ய வேண்டும். அதற்கு நமக்குப் பழக்கமில்லை. மாட்டுத் தொழுவத்துக்குக் குளத்துக் கரம்பையைக் கொண்டுவந்து பரப்பி, மூத்திரம் ஊறிய பிறகு அள்ளி வயலில் போடுவார்கள். மாட்டுக்கும் வயலுக்கும் அது நல்ல ஏற்பாடு. அதே கரம்பையைக் குதிரைக்குப் பரப்பினால் தீர்ந்தது.

மற்ற தேசங்களில் இந்தப் பாடம் வெகு காலத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க தேசத்துப் படைத்தலைவர் செனபன் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் தரைக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஈரமான, வழவழப்பான தரை நல்ல குளம்பையும் கெடுத்துவிடும். ஆகவே லாயத்துக்குள் சாய்வாக வாய்க்கால் விட்டு, குளம்பு அளவுள்ள கற்களை நெருக்கிப் பதிக்க வேண்டும் என்கிறார். அதோடு நிற்கவில்லை. குதிரையை வெளியே கொண்டுவந்து தேய்த்துவிடுகிற முற்றத்தில், ஏறத்தாழ ஒரு பவுண்டு எடையுள்ள உருண்டைக் கற்களாக நாலைந்து வண்டி கொட்டிப் பரப்பி, அவை சிதறாதபடி சுற்றி இரும்புப் பட்டை கட்டச் சொல்கிறார். குதிரை அங்கே நிற்கும்போது தானாகவே கால் மாற்றி மாற்றி மிதிக்கும், குளம்பு கெட்டிப்படும். நாலைந்து வண்டி என்று அளவு வரை சொல்வதைப் பார்த்தால் அந்த மனிதர் தம் வீட்டு முற்றத்தில் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். ரோமாபுரியில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா ஓக் மரப் பலகை பாவலாம், இல்லாவிட்டால் தரையைச் சுத்தமாகப் பெருக்கிப் பதர் தூவலாம் என்று இரண்டு வழி சொல்கிறார்.

நம் கௌடில்யர் மட்டும் சளைத்தவரா? அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அத்யட்சகனுக்கு என்று தனி அத்தியாயம். ஒவ்வொரு குதிரைக்கும் அதன் நீளத்துக்குச் சமமான சதுர இடம். வழவழப்பான பலகை பாவிய தரை. தீனிக்குத் தனித் தொட்டி. மூத்திரமும் லத்தியும் வெளியேற வழி. வாசல் கிழக்கோ வடக்கோ பார்த்திருக்க வேண்டும். லாயத்தருகே குரங்கு, மயில், கிளி, மைனா கூட வைத்துக்கொள்ளச் சொல்கிறார். இவ்வளவும் ஏட்டில் இருந்தது. பாடலிபுத்திரத்து ஏடு பாண்டி நாட்டுக் குதிரைக்காரனின் கைக்கு வரவில்லை. வந்தாலும் அவன் படித்திருக்கப் போவதில்லை. படித்தவர்கள் லாயத்துக்குள் கால் வைக்கப் போவதில்லை. நம் தேசத்தில் அநேக வித்தைகள் வீணான கதை இதுதான்.

1311-ல் மாலிக் காபூர் வந்தபோது இந்த மண்ணின் குணத்தை டில்லிச் சேனையும் கொஞ்சம் ருசி பார்த்தது. பாண்டியனைத் துரத்திக்கொண்டு போன படையைப் பெருமழை தடுத்துவிட்டதை அமீர் குஸ்ரு வர்ணித்திருக்கிறார். ஆனாலும் திரும்பிப் போகும்போது அவர்கள் ஐயாயிரம் குதிரைகளைக் கொண்டுபோனார்கள் என்பதும் அவர் கணக்குத்தான். அந்த வருஷத்துச் சரக்கு போலிருக்கிறது.

வெள்ளைக்காரன் இந்த விஷயத்தில் உஷாரானவன். சென்னை ராஜதானியில் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க 1824-ல் பண்ணை வைத்தபோது நெல் விளைகிற காவேரிக் கரையில் வைக்கவில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஓசூர் மேட்டு நிலத்தில் வைத்தான். அதுவும் போதாமல் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்தான். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அந்தக் குதிரைகளுக்கு வேலர் என்று பெயர். புதுக்கோட்டைச் சீமையில் மண்குதிரை செய்கிற குயவர்களுக்கு வேளார் என்று பெயர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் எனக்கு இந்த ஒலிப்பொருத்தம் பிடித்திருக்கிறது. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானோ ஒரு படி மேலே போய், ஆஸ்திரேலியாவிலேயே பந்தயக் குதிரைகளை வைத்துக்கொண்டார். 1915-ல் அந்த ஊர்ப் பெண்ணான மோலி பிங்கைக் கல்யாணம் செய்துகொண்டதும், அதனால் எழுந்த புயலும் வேறு கதை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த வேடிக்கை. லாயத்துத் தரைக்கு வேண்டிய சாமான் புதுக்கோட்டையில் காலடியிலேயே கிடக்கிறது. நகரத்துக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் ஆலங்குடி, வம்பன், ஆதனக்கோட்டை, கந்தர்வகோட்டை வட்டாரமெல்லாம் செம்புராங்கல் பூமி. மேலே ஒன்றும் விளையாத சிவப்புச் சரளை. தோண்டினால் துளைத் துளையாகச் சிவந்த கல். பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்தில் அந்தச் சரளைப் பாதையில் செருப்பில் மண் ஒட்டாமல் நடக்கலாம். அதே மழைக்கு அறந்தாங்கியைத் தாண்டி ஆவுடையார்கோயில் பக்கம் ஏந்தல் வயல்களுக்கு நடுவில் நடந்தீர்களானால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். குதிரைக்குப் பணம் கொண்டுபோனவர் குதிரைக்கு ஆகாத மண்ணில் கோயில் கட்டி உட்கார்ந்தார். அங்கிருந்து ஒரு பகல் வண்டிப் பயணத்தில் குதிரைக்கு ஏற்ற மண் இருந்தது.

சரளையைக் கொண்டுவந்து சேற்றின் மேல் கொட்டினால் தீர்ந்துவிடுமா என்றால், தீராது. பலர் தவறுகிற இடம் இதுதான். குழம்பின் மேல் கொட்டிய கல் குழம்புக்குள் போய்விடும். குழம்பு மேலே வந்துவிடும். ஒரு மழைக்காலம் போதும். 1820-ஐ ஒட்டி இங்கிலாந்தில் சாலை போடும் முறையையே மாற்றிய மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைத்தான் ஓயாமல் சொன்னார். பாரத்தைத் தாங்குவது கல் அல்ல, அடியிலிருக்கும் மண். அந்த மண் உலர்ந்திருக்கும் வரைதான் தாங்கும். மேலே போடும் கல், மண்ணுக்குத் தண்ணீர் போகாமல் பிடிக்கிற கூரை. அவர் போட்ட சாலையில் ஆறு அவுன்ஸுக்கு மேற்பட்ட கல் ஒன்று கூட இருக்கக் கூடாது. நம் ஊர்க் கப்பி ரோடுகள் எல்லாம் அந்த வம்சம்தான்.

ஆகவே லாயத்து வாசலுக்கு முதல் வேலை கொட்டுவது அல்ல, வெட்டுவது. லத்தி கலந்து கறுத்துப்போன மேல் மண்ணை, கெட்டி மண் தட்டும் வரையில் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். அப்புறம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். சேற்றில் பாதி வானத்திலிருந்து நேரே விழுவதில்லை, கூரையிலிருந்து விழுகிறது. புதுக்கோட்டையில் வருஷத்துக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை. இருபதடிக்குப் பதினைந்தடி கொட்டகை ஒன்றின் கூரை மட்டும் வருஷத்தில் 25,000 லிட்டர் தண்ணீரைக் குதிரையின் வாசலில் கொட்டுகிறது. ஏறக்குறைய அதில் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள். ஒரு தகரத் தூம்பை இறவாணத்தில் மாட்டி, அந்தத் தண்ணீரைக் கொல்லைப்புறம் திருப்பிவிட்டாலே பாதிச் சேறு பிறக்காது. இதற்கு ஏட்டுப் படிப்பு வேண்டியதில்லை. ஆனால் நூறு லாயத்தில் தொண்ணூறு லாயத்துக்குத் தூம்பு கிடையாது.

மண்ணோடு பருமனானதைக் கலந்தால் தண்ணீருக்கு வழி கிடைக்கும் என்பதை வேளாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அய்யனார் கோயில் குதிரைக்குக் குளத்துக் களிமண்ணை எடுப்பார்கள். வெறும் களியால் குதிரை செய்தால் காயும்போதே வெடிக்கும். சூளையில் உள்ளீரம் ஆவியாகிச் சிதறும். ஆகவே மணலையும் உமியையும் போட்டுக் காலால் மிதித்துப் பிசைவார்கள். மணலும் உமியும் ஈரம் வெளியே போகச் சந்து வைக்கின்றன. சேற்றுக்குப் பயப்படுகிற உயிர்க்குதிரையைக் காப்பாற்றும் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் சேற்றாலேயே குதிரை செய்து அய்யனாருக்குக் கொடுத்துவிட்டார். அது மழையிலும் வெயிலிலும் கொட்டகை இல்லாமல் வருஷக் கணக்கில் நிற்கிறது. அய்யனார் குதிரைகளுக்கெல்லாம் தலைவன் மாதிரி, குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் வாசலில் முப்பதடிக்கு மேல் உயரமாக ஒரு குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று அதன் மேல் காகிதப் பூ மாலைகள் ஆயிரக்கணக்கில் ஏறி, குதிரையே தெரியாமல் போய்விடும்.

இதெல்லாம் பழங்கதைதானே, இப்போது யார் குதிரை வளர்க்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் எல்கைப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மாட்டு வண்டிகள் ஓடி முடித்ததும் குதிரை வண்டிகள் வரும். இந்த ஒரு பந்தயத்துக்காக வருஷம் பூராவும் குதிரையைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒருவரை நான் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அவருடைய தென்னந்தோப்பையும் லாயத்தையும் சேர்த்துத் தரையில் கிடத்திவிட்டுப் போயிருந்தது. அப்புறம் கட்டிய புது லாயத்தைச் சுற்றிக் காட்டினார். கார்த்திகை மாதம். முந்தின நாள்தான் நல்ல மழை. வாசல் உலர்ந்திருந்தது.

"மொதல்ல வெறும் கிராவல் ரெண்டு லோடு அடிச்சேன் தம்பி. அந்த வருச மழையில எல்லாம் உள்ள போயிருச்சு. குருதை வயலுக்குள்ள நிக்கிற மாதிரி நிக்கிது. ஒரு காலைத் தூக்கிக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

"அப்புறம் என்னண்ணே செஞ்சீங்க?"

"தோண்டி எடுத்துட்டேன். ரோடு போடுற பய ஒருத்தன், கீழே துணியை விரிங்க மாமான்னான். மண்ணும் கல்லும் கலக்காதாம். தண்ணி மட்டும் எறங்குமாம். அதைப் போட்டு, மேல ஒன்றரை ஜல்லி, அதுக்கு மேல முக்கால் ஜல்லி, அதுக்கும் மேல டஸ்டு. வாட்டம் பாத்து இடிச்சுட்டோம். ஜல்லி மொனை காலுல குத்தாது பாருங்க, டஸ்டு மூடிக்கிரும்."

தென்னை நார்க் கழிவை ஏன் பரப்பவில்லை என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் அது மலை மலையாகக் கிடைக்கிறது. அவர் சிரித்தார். அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். கூரைக்கடியில் படுக்கையாகப் போட்டால் மூத்திரத்தை உறிஞ்ச நல்லது. வெளியே மழையில் போட்டால் இரண்டு வருஷத்தில் அதுவே சேறாகிவிடும் என்பதை அவருடைய பாஷையில் சொன்னார். ஆற்று மணலையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மணல் தரையில் தீனி போட்டால் குதிரை மணலையும் சேர்த்துத் தின்னும். மணல் குடலில் தங்கி வயிற்று நோவு வரும். ஒரு குதிரை அப்படிச் செத்ததைப் பார்த்திருக்கிறாராம். தீனியைத் தரையில் போடாமல் ஒரு பழைய லாரி டயரைக் கவிழ்த்து, அதில் தொட்டி கட்டி வைத்திருந்தார்.

கல் பாவிய இடத்துக்கு அப்பால் அருகம்புல். அதைத்தான் அவர் பெருமையோடு காட்டினார். குதிரை நாள் முழுக்க நிற்கிற வாசலில் எந்தப் புல்லும் பிழைக்காது; நாலு நாளில் வேரோடு போய்விடும். ஆகவே வாசலைக் கல்லுக்கு விட்டுக்கொடுத்து, சுற்றிலும் அருகைப் பிடிக்க விட்டிருந்தார். கணுவுக்குக் கணு வேர் இறக்கி, பாய் முடைகிற மாதிரி மண்ணைப் பின்னிக்கொள்ளும் புல் அது. மிதித்தாலும் மேய்ந்தாலும் மறுபடி தலை தூக்கும். அதையும் பாதி பாதியாகக் கயிறு கட்டிப் பிரித்து, மாற்றி மாற்றி மேயவிடுகிறார். மழை பெய்கிற நாளில் குதிரைக்குப் புல் பக்கம் அனுமதியே இல்லை. கல் வாசலோடு சரி. "ஈரத்துல ஒரு நாள் மிதிச்சா ஒரு மாசப் புல்லு போயிரும்" என்றார்.

குதிரை எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அவர் போய்ச் சொல்லாமலே அது முன்னங்காலை மடக்கித் தூக்கிக் கொடுத்தது. குளம்பின் அடியைச் சிறு இரும்புக் கொக்கியால் சுரண்டி எனக்குக் காட்டினார். அந்த முக்கோண மெத்தை வறண்டு, சாம்பல் நிறத்தில், காய்ந்த செருப்புத் தோல் மாதிரி இருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். முகர்ந்தேன். வைக்கோல் வாசனைதான்.

தோண்டி எடுத்த பழைய சகதியெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"ஆறு டிராக்டர் தம்பி, அவ்வளவும் கெடந்துச்சு" என்று தோப்புப் பக்கம் கையை நீட்டினார். புயலுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகள் அங்கே ஆள் உயரத்துக்கு மேல் வந்திருந்தன. "எல்லாத்தையும் அதுகளுக்கே போட்டுட்டேன்."